மற்றவர்களுக்கு ரம்ஜான்

கம்ப்யூட்டர் ரூமுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மரியாதை சில கோயில்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை. ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில், 1993-ஆம் வருஷம், அந்த ஒரு ரூமுக்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜெனரல் மேனேஜரே ஓட்டை விழுந்த சாக்ஸோடு பூனை மாதிரி நடந்து வருவார். உள்ளே மகாராணி போல உட்கார்ந்திருந்தவள் முனிலட்சுமி. மகாராணி என்று சொன்னதெல்லாம் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள். கம்பெனி கொடுத்த கடிதத்தில் 'ஒரு வருடப் பயிற்சியாளர்' என்றுதான் இருந்தது.

அந்த ஒரு வருஷம் மார்ச் மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரம் ஆக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் பர்சனல் ஆபீசர் கையில். அவள் பைல் அவர் மேஜை மேல் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது. கெலமங்கலத்தில் அவள் அப்பா ஆஞ்சப்பனும் தன் பங்குக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம். ஆகாவிட்டால் வைகாசியில் ஜவளகிரி மாப்பிள்ளை. ஜவளகிரி மாப்பிள்ளையிடம் ராகிக் காடு இருந்தது, அந்த ராகியைத் தின்ன வருஷம் தவறாமல் வரும் யானைகளும் இருந்தன. ராத்திரிப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவதற்காகவா பெங்களூருக்குப் பஸ் ஏறி ஆறு மாசம் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் படித்தோம் என்று முனிலட்சுமி தன்னையே கேட்டுக்கொள்வாள்.

இப்படி இருக்கையில்தான் பண்டிகை லீவு லிஸ்ட் வந்து சேர்ந்தது.

கம்பெனியில் எல்லோருக்கும் பொதுவான லீவு நாட்கள் போக, ஆளுக்கொரு பண்டிகை நாள் தனியாக உண்டு. யாருக்கு எந்த நாள் என்ற லிஸ்ட்டைத் தயார் செய்வது வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க் கௌஸ் மொய்தீனின் வேலை. நாற்பது வயதுக்காரர். காதில் பேனா, கையில் நீள நோட்டு, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். மார்ச் மாதம் வந்தால் ஒரு வாரம் மெஷின் மெஷினாகச் சுற்றுவார். அந்த ஒரு வாரமும் அவர் டைம் ஆபீஸில் இல்லை என்பது பர்சனல் ஆபீசருக்குப் பொறுக்கவில்லை. ஆபீசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து பதினோரு வருஷமாகியும், ஓசூர்க்காரன் வாயில் எத்தனை பாஷை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர்னு ஒண்ண வாங்கி வச்சிருக்கோம். இதுக்கு எதுக்கு ஒரு ஆள் ஊர்வலம் போகணும்?" என்றவர், ஒரு பாரம் அடித்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். பெயர், டோக்கன் நம்பர், தாய்மொழி. "தமிழ்னா சித்திரை ஒண்ணு. தெலுங்கு, கன்னடம்னா யுகாதி. மத்தவங்களுக்கு ரம்ஜான். முடிஞ்சு போச்சு."

முனிலட்சுமிக்கு இது திருப்பதி லட்டு கிடைத்த மாதிரி இருந்தது. யூனிக்ஸில் இதற்கென்றே இஃப் என்று ஒன்று உண்டு. மெஷினிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பது. ஆமாம் என்றால் இதைச் செய். இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போ. அதற்கு எலிஃப் என்று பெயர். எந்தக் கேள்விக்கும் அகப்படாமல் மிஞ்சுகிறவர்களுக்கு எல்ஸ். அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு இடம் விட மறந்தால் போதும், மெஷின் முகத்தில் அடித்தாற்போல் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். மற்றபடி சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை.

இதை அவள் விளக்கியபோது கௌஸ் மொய்தீன் வாசலில் செருப்போடு நின்று கேட்டார்.

"இதைத்தானம்மா நான் தினம் எங்கூட்ல சொல்றேன். மழை வந்தா துணிய எடு, வரலேன்னா உட்டுடுன்னு. இதுக்கா ஆறு மாசம் பெங்களூர் போன?"

"உங்கூட்ல சொன்னா யாராச்சும் கேக்கறாங்களா பாய்? இது கேக்கும்."

"அது என்னமோ சரிதான்" என்று போய்விட்டார்.

பாரங்களை டைப்பிங் செக்‌ஷன் பெண்கள் மெஷினில் ஏற்றினார்கள். முனிலட்சுமி கேள்விகளை எழுதினாள். தமிழா? சித்திரை. தெலுங்கா, கன்னடமா? யுகாதி. எல்ஸ், ரம்ஜான். சோதித்துப் பார்க்கப் பத்துப் பேரைக் கற்பனையாகப் போட்டுக்கொண்டாள். கற்பனை மனிதர்கள் ரொம்ப ஒழுங்கானவர்கள். ஆளுக்கு ஒரே ஒரு தாய்மொழி வைத்திருந்தார்கள். பத்தும் சரியாகப் பிரிந்தது. சனிக்கிழமை மாலை லிஸ்ட் அச்சாகி நோட்டீஸ் போர்டில் ஏறியது. அவள் பெயர்களைப் படித்துக்கூடப் பார்க்காமல் பெருமையோடு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட் பக்கம் சிரிப்புச் சத்தம். போர்டைச் சுற்றி முப்பது பேர். நடுவில் கௌஸ் மொய்தீன், கல்யாண வீட்டில் மொய் படிக்கிறவர் போல ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்.

"லேத் செக்‌ஷன் ராமப்பன், ரம்ஜான். கிரைண்டிங் மாதப்பன், ரம்ஜான். பேக்கிங் நஞ்சம்மா, ரம்ஜான். ராமப்பா, தொழுகை எட்டு மணிக்கு. குளிச்சுட்டு நேரத்துக்கு வந்துடு. புதுத் துணி எடுத்துட்டயா?"

ராமப்பன் தலையைச் சொறிந்தான். "பிரியாணி உண்டா பாய்?"

"எனக்கே இல்லப்பா. நான் அன்னிக்கு டூட்டி. எனக்குச் சித்திரை ஒண்ணுதான் லீவாம். ஃபக்ருதீனுக்கும் அதேதான்."

முனிலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். முன்னூறு பேரில் நூற்று எழுபத்து மூன்று பேர் ரம்ஜான் லிஸ்ட்டில் இருந்தார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் தெலுங்கு என்றும் தமிழ் என்றும் கன்னடம் என்றும் ஒரே கோட்டில் இடித்துப் பிடித்து எழுதியவர்கள். மெஷின் பார்த்தது. இது வெறும் தமிழும் இல்லை, வெறும் தெலுங்கும் இல்லை, வெறும் கன்னடமும் இல்லை. தள்ளு எல்ஸுக்கு. தமிழ் பேசும் முஸ்லிம்களோ ஒழுங்காகத் தமிழ் என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள். அவர்களைச் சித்திரையில் உட்கார வைத்துவிட்டது. லிஸ்ட்டில் கீழே இறங்கினால் அவள் பெயரே இருந்தது. முனிலட்சுமி, கம்ப்யூட்டர், ரம்ஜான். தன் பாரத்தில் தானும் மூன்று பாஷை எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். ஊர்க்காரியே ஊரை மறந்துவிட்டு, யாரோ ஒற்றைப் பாஷைக்காரர்களுக்குக் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். தன்னைத் தானே ஓங்கி ஒரு குட்டு குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பத்து நிமிஷத்தில் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது? கம்பெனில பாதிப் பேருக்கு மேல ரம்ஜான் கொண்டாடுதாங்களா? மில்லிங் செக்‌ஷன் சென்னப்பன் வந்து, சார் நான் எப்ப மாறினேன்னு கேக்கான்."

அவள் பேச ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புதன்கிழமை யுகாதி. அடுத்த நாள் ரம்ஜான். இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் சரியான லிஸ்ட் போகணும்." அவள் பைல் மேல் விரலால் தட்டினார். "வந்தா இதுல கையெழுத்துப் போடுதேன். வரலேன்னா அந்த மெஷினை பெங்களூருக்கே லாரி ஏத்திருதேன். மெஷின் இல்லாத ரூமுக்கு ஆள் எதுக்கு?"

அவரும் இஃப், எல்ஸ் என்றுதான் பேசினார். அவருடைய எல்ஸில் யாரும் அகப்படாமல் தப்ப முடியாது.

முனிலட்சுமி ஓடிப்போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தெலுங்கும் தமிழும் எழுதியிருந்தால் ஒரு எலிஃப். தமிழும் தெலுங்கும் என்று மாற்றி எழுதியிருந்தால் இன்னொரு எலிஃப். கன்னடமும் சேர்ந்தால் இன்னும் ஆறு. எழுத எழுத அது அனுமார் வால் மாதிரி நீண்டது. அதிலும், மூன்றும் எழுதியவனை எங்கே போடுவது? ராமப்பனையே கேட்டுவிடலாம் என்று லேத்துக்குப் போனாள்.

"அண்ணா, நெஜமா உங்க பாஷை எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ராமப்பன் லேத்தை நிறுத்திவிட்டு நிதானமாக யோசித்தான். "பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டா தெலுங்கு. மாடு வாங்கப் போனா கன்னடம். ஸ்கூல்ல வாத்தியார்கிட்ட அடி வாங்கினது தமிழ்ல. இதுல நெஜம்னா எதை எழுதுவம்மா?"

பக்கத்து மெஷின்காரன் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. ரூமுக்குத் திரும்பினால் வாசலில் கௌஸ் மொய்தீன் நின்றிருந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, திரையை எட்டிப் பார்த்தார்.

"இதான் அந்தக் கேள்விங்களா? இது தமிழ்க்காரங்களுக்கு. இது தெலுங்கு. இது கன்னடம். எங்களுக்கான கேள்வி எங்கம்மா?"

"உங்களுக்குன்னு தனியா கேள்வி இல்ல பாய். மீதி இருக்கறவங்க அப்படியே..."

"ஓ. நாங்க மீதி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எதையும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் முனிலட்சுமிக்குச் சிரிக்க முடியவில்லை. கூசிப்போனாள். ஆபீசர் 'மத்தவங்க' என்று சொன்னபோது அவளுக்கு அது ஒரு வசதியான வார்த்தையாகப் பட்டது, ஒரு கேள்வி மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். தினம் இந்த வாசலில் நின்று வம்பளக்கிற மனிதரையும் சேர்த்துத்தான் அந்த வார்த்தைக்குள் தள்ளியிருக்கிறோம் என்று தோன்றவே இல்லை.

"தப்புதான் பாய்" என்றாள்.

"உடும்மா. நான் என் அம்மாகிட்ட திட்டு வாங்கினதும் தமிழ், என் பொண்ணைக் கொஞ்சறதும் தமிழ். தமிழ்னு எழுதினேன். சித்திரைக்கு லீவு உட்டுட்ட. அன்னிக்கு நான் ஊட்ல என்ன பண்ணட்டும்?"

"மாங்காப் பச்சடி செய்யுங்க."

"செய்யறேன், உனக்கும் ஒரு டப்பா எடுத்துட்டு வர்றேன். அப்புறம் ஒண்ணு சொல்லு. லீவு குடுக்கறதுக்கு நீ எதுக்குப் பாஷைய விசாரிக்கற? பொண்ணா பாக்கப் போற? எந்த நாள் வேணும்னு கேட்டா சொல்லிட்டுப் போறான்."

முனிலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை எலிஃப்பும் எதற்கு என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தெரிய வேண்டியது ஒன்று, கேட்டது வேறொன்று. கேள்வியே கோணல் என்றால் அதற்கு எத்தனை கிளை விட்டு என்ன?

மணி பத்தரை. நாலு மணிக்குள் முன்னூறு பேரைக் கேட்டாக வேண்டும். "நீள நோட்டு இருக்குதா பாய்?" என்றாள்.

"இருக்குது. ஆனா மெஷின் கோவிச்சுக்காதா?"

இரண்டு பேரும் கிளம்பினார்கள். கௌஸ் மொய்தீன் கேட்கிற அழகைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ராமப்பனிடம் தெலுங்கில் கேட்டார், நஞ்சம்மாவிடம் கன்னடத்தில், மாதப்பனிடம் தமிழில். ஒரு ஆளுக்கு இரண்டு வார்த்தைதான். "உங்கூட்ல ஒப்பட்டு எந்த நாளு?" என்று யுகாதிப் போளியை வைத்துக் கேட்டால் யுகாதிக்காரர்கள் சட்டென்று தலையாட்டினார்கள். ராமப்பன் யுகாதி என்றான். மாதப்பன் வீட்டில் கன்னடம்தான், ஆனால் மாமனார் ஊர் காவேரிப்பட்டினம், சித்திரைக்குப் போகாவிட்டால் மாமனார் பேசமாட்டார். சித்திரை. நஞ்சம்மா ஒப்பட்டு தட்டி முடிக்கவே யுகாதி சரியாகப் போய்விடும், லீவு கொடுத்தால் மறுநாள் கொடு, படுத்துத் தூங்க வேண்டும் என்றாள்.

"பாத்தியா, நெஜமாவே ஒருத்தி ரம்ஜான் கேக்கறா" என்றார் கௌஸ் மொய்தீன். "உன் மெஷின் அவ்வளவு மோசம் இல்ல." யுகாதியன்று டூட்டிக்கு வந்தால் ஒப்பட்டை யார் தட்டுவது என்று நஞ்சம்மா கையைப் பிடித்துக் கெஞ்சி, யுகாதிக்கே சம்மதிக்க வைத்தார்.

ஒன்றரை மணிக்கு இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் வந்தன. கேட்டில் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டே காலுக்கு நோட்டு நிறைந்துவிட்டது.

"ஒரு ஆளை உட்டுட்டமே" என்றார் கௌஸ் மொய்தீன். "உனக்கு எந்த நாளும்மா?"

"யுகாதி பாய். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல."

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டார். எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டார்.

டைப்பிங் பெண்கள் மளமளவென்று ஏற்றினார்கள். முனிலட்சுமி பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். யுகாதி கேட்டாரா? ஒரு கேள்வி. ரம்ஜான் கேட்டாரா? அதற்கும் ஒரு கேள்வி, முழுசாக, மற்றவற்றுக்குச் சமமாக. சித்திரை கேட்டாரா? இன்னொன்று. எல்ஸுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரையும் எந்த நாளுக்கும் தள்ளாமல், 'நேரில் கேட்கவும்' என்று மட்டும் அச்சிடச் சொல்லி முடித்தாள். மெஷினுக்குத் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷில்தான் வந்தது, ஆனால் சேதி அதேதான்.

மூன்று ஐம்பதுக்கு பிரின்டர் கரகரத்தது. மூன்று லிஸ்ட்டும் வந்தன. நாலாவதாக ஒரு காகிதம், 'நேரில் கேட்கவும்'. அதில் ஒரே ஒரு பெயர். முனிலட்சுமி படித்துவிட்டு கௌஸ் மொய்தீனிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

ஆபீசர் மூன்று லிஸ்ட்டையும் பொறுமையாகப் பார்த்தார். சென்னப்பன் பெயரைத் தேடினார். யுகாதியில் இருந்தது. ஃபக்ருதீன், ரம்ஜான். திருப்தியாகத் தலையாட்டி, பைலை இழுத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் காலையிலேருந்து செக்‌ஷன் செக்‌ஷனா சுத்திக்கிட்டு இருந்ததாச் சொன்னாங்க. இத மெஷின் செஞ்சுதா, கௌஸ் மொய்தீன் செஞ்சாரா?"

மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்து விழும். முனிலட்சுமிக்கு அது நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்றவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதும் தெரியும்.

"பிரிச்சது மெஷின் சார். கேட்டது கௌஸ் பாய். கேக்காம பிரிச்சதுதான் காலைல போர்டுல இருந்துச்சு."

"அப்ப வருசா வருசம் ஒரு ஆள் போய்க் கேக்கத்தான் வேணும்."

"ஆமாங்க சார்."

"பெறகு மெஷினு என்னத்துக்கு?" ஆபீசர் பேனாவை மூடினார். அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் முனிலட்சுமிக்குக் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். "சரி, லிஸ்ட்டாவது முழுசா முடிஞ்சுதா?"

"ஒரு பேர் பாக்கி சார்."

"எவன் அவன்? பாரம் நிரப்பாம இருக்கவன். கூப்பிடு, நான் பேசுதேன்."

"நீங்கதான் சார்."

அவள் நாலாவது காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். அவர் பெயர், அவர் பதவி, அதற்கு நேரே 'நேரில் கேட்கவும்'. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"காலைல லிஸ்ட்டுலயும் இருந்தீங்க சார்" என்றாள் மெல்ல. "கடைசிப் பக்கம். ரம்ஜான்ல."

கௌஸ் மொய்தீன் சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்தார்.

"பாரம் அடிச்சவனே பாரம் நிரப்பணுமாக்கும்" என்று ஆபீசர் முணுமுணுத்தார்.

"உங்களுக்கு எந்த நாள் வேணும் சார்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவு கிடந்தது. யுகாதி, ரம்ஜான், சித்திரை ஒன்று. மேலிருந்து கீழ் ஒரு தடவை படித்தார். அதில் அவருக்கு இடமில்லை.

"பெரிய வெள்ளி, அதான் குட் ஃப்ரைடே" என்றார், குரல் இறங்கி. "ஏப்ரல் ஒம்பது. அன்னைக்குக் கோயிலுக்குப் போகாம இருந்ததே கெடையாது." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா வருசா வருசம் எனக்கு அன்னைக்கு லீவு வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு. நான் ஒருத்தர்ட்டயும் கேட்டதில்லையே."

"நான் உங்களைக் கேட்டேன் சார்" என்றார் கௌஸ் மொய்தீன். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "நீங்க இங்க வந்த மொத மாசம். கேன்டீன்ல எங்க உக்கார்றதுன்னு தெரியாம தட்டோட நின்னுட்டு இருந்தீங்க. உங்களுக்கு எந்த நாள் சார்னு கேட்டேன். சொன்னீங்க. அப்புறம் நானே வருஷா வருஷம் எழுதிக்கிட்டு வர்றேன்."

ஆபீசர் மூடிய பேனாவை மேஜை மேல் உருட்டினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெயர் தெரிந்த ஒரு முகமும் இல்லாத ஊரில், யாரோ அவரை அப்படிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது உறைக்காத அளவுக்கு இயல்பாகக் கேட்டிருக்கிறார்கள்.

பேனாவை மறுபடி திறந்தார்.

"பெரிய வெள்ளிக்கு ஒரு இஃப் சேக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"சேத்துரு." பைலைப் புரட்டி, முனிலட்சுமியின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இனி ஒவ்வொரு வருஷமும் லிஸ்ட் தயாராவதற்கு முன் டைம் ஆபீஸ் கௌஸ் மொய்தீன் எல்லோரையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்று எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"என்னையும் வந்து கேக்கணும்" என்றார் தலை நிமிராமல். "தெரியும்னு நீங்களா எழுதிராதிய."

"கேக்கறேன் சார்" என்றார் கௌஸ் மொய்தீன்.